சாம்ப்ளர் வாங்கலாமா? அதற்கு முன் ஒரு கேள்வி

பறையும் கானாவும் ராப்பும் கலந்து பாடும் நம் இளைஞர் குழுக்களில் இந்த விவாதம் அடிக்கடி எழுகிறது. சேர்த்து வைத்த பணத்தில் ஒரு ஹார்டுவேர் சாம்ப்ளர் வாங்குவதா, இருக்கிற லேப்டாப்பிலேயே பீட் போடுவதா? பதிவு செய்த ஒலியைத் துண்டு துண்டாக வெட்டி, ரப்பர் பேட்களில் ஏற்றி, விரலால் தட்டி வாசிக்கும் பெட்டிதான் சாம்ப்ளர். அதே வேலையை மென்பொருளும் செய்யும். எனவே இது ரசனை பற்றிய கேள்வி மட்டுமல்ல. பொதுப்பணத்தை எதில் போடுவது என்ற கேள்வி.

சாம்ப்ளரை ‘இல்லாதவர்களின் கருவி’ என்று கொண்டாடுவது வழக்கம். அதில் பாதி உண்மை. 1975 நிதி நெருக்கடியில் நியூயார்க் அரசுப் பள்ளிகளின் இசை வகுப்புகள் பெருமளவு வெட்டப்பட்டன. கறுப்பின, லத்தீன் இளைஞர்கள் பழைய இசைத்தட்டுகளிலிருந்தே புதிய இசையைக் கட்டினார்கள். முதலில் டர்ன்டேபிள், பிறகு சாம்ப்ளர். ஆனால் 1988இல் வந்த அகாய் எம்பிசி60இன் விலை சுமார் 5,000 டாலர். உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் எளிதில் தொடக்கூடிய தொகையா அது? பலர் இரவல் வாங்கியும், ஸ்டுடியோவில் நேரம் கிடைக்கும்வரை காத்திருந்தும்தான் கற்றார்கள். அந்த இசையை உண்டாக்கியதில் பெட்டிக்கு இருந்த பங்கு, பகிர்ந்துகொண்ட பழக்கத்துக்கும் உண்டு.

இனி சாம்ப்ளரின் பக்கம் உள்ள நியாயங்களைப் பார்ப்போம்.

முதலாவது, அதன் எல்லைகள். 1987இல் வந்த ஈ-மு எஸ்பி-1200இல் மொத்தமே சுமார் 10 வினாடி ஒலியைத்தான் பதிய முடியும். ஆகவே 33 வேகத்தில் ஓட வேண்டிய தட்டை 45இல் ஓடவிட்டுப் பதிந்து, பெட்டிக்குள் மறுபடி வேகத்தைக் குறைத்தார்கள். இடமும் மிச்சமாயிற்று, ஒலியில் ஒரு கரகரப்பும் ஏறியது. அந்தக் கரகரப்பே ஒரு காலத்து ஹிப்-ஹாப்பின் அடையாளமாகிவிட்டது. லேப்டாப்பில் ஆயிரம் ஒலிகள் இருக்கும். எதை எடுப்பது என்று தேடியே இரவு போய்விடும்.

இரண்டாவது, கை. டெட்ராய்ட்டின் ஜே டில்லா எம்பிசி3000இல் அமைத்த தாளங்கள் இம்மி முந்தியும் இம்மி பிந்தியும் விழும். அவர் வாசித்த கருவி இன்று வாஷிங்டனில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு, பண்பாட்டுத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மவுஸால் கட்டம் கட்டமாக அடைத்துச் செய்யும் பீட்டில் இந்த அசைவு தானாக வராது.

மூன்றாவது, மேடை. புழுதியிலும் வெக்கையிலும் நடக்கும் தெருக்கூட்டத்தில் லேப்டாப் நின்றுபோனால் நிகழ்ச்சியே நின்றுபோகும். சாம்ப்ளர் போட்டதும் எழும். வாசிப்பவரின் கையை மக்கள் பார்க்கிறார்கள். அதுவும் நிகழ்ச்சியின் பகுதிதான்.

எதிர்ப்பக்கமும் கனமானது. ரோலண்ட் எஸ்பி-404எம்கே2 2021இல் வந்தபோது அமெரிக்காவிலேயே அதன் விலை சுமார் 500 டாலராக இருந்தது. இங்கே வந்து சேரும்போது இறக்குமதிச் செலவும் கூடும். பேட் தேய்ந்தால் உதிரி பாகம் தேடி அலைய வேண்டும். சின்னத் திரையில் குரலைத் திருத்துவதும் பாடலை முழுதாக மிக்ஸ் செய்வதும் பெரும்பாடு. கடைசியில் லேப்டாப்புக்குத்தான் வர வேண்டும். அந்த லேப்டாப்பில் பீட் போடலாம், உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், ஆய்வேடு எழுதலாம். நம் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயமல்ல. கைப்பழக்கம்தான் வேண்டுமென்றால், லேப்டாப்பில் செருகும் பேட் கன்ட்ரோலர் அதைவிடக் குறைந்த விலையில் கிடைக்கும். எல்எம்எம்எஸ் போன்ற மென்பொருள் இலவசம். கோவாலா போன்ற ஆப் இருந்தால் கைபேசியே சாம்ப்ளர்.

ஆனால் எந்தப் பெட்டி என்பதைவிட, பெட்டிக்குள் யாருடைய கை போகிறது என்பதே பெரிய கேள்வி. ஜேம்ஸ் பிரவுனின் டிரம்மர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு ‘ஃபங்கி டிரம்மர்’ பாடலில் வாசித்த சில வினாடித் தாளம் எத்தனையோ ராப் பாடல்களுக்கு அடித்தளமாயிற்று. பாடலாசிரியர் பட்டியலில் அவர் பெயர் இல்லாததால் ராயல்டி என்று பெரிதாக எதுவும் அவருக்கு வரவில்லை. 1991இல் பிஸ் மார்க்கி வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, சாம்பிள் எடுக்க அனுமதி வாங்குவது கட்டாயமாயிற்று. பணம் உரிமையாளருக்குப் போனது. குச்சி பிடித்தவருக்கு அல்ல. வாங்க வசதியில்லாத இளைஞர்களுக்கோ வாசல் குறுகியது.

பறைக்கும் இது நேரக் கூடாது. பறை நெருப்பில் காய்ச்சிய சற்று நேரத்துக்கு ஒரு குரலில் பேசும், தோல் தளர்ந்ததும் வேறு குரலில் பேசும். சிம்புக்குச்சியும் அடிக்குச்சியும் சேர்ந்து எழுப்பும் அந்த மாற்றத்தைப் பேட்டில் ஏற்றிய ஓர் அடி தாங்காது. அதைவிட முக்கியம், அந்த அடிக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார். இழிவைச் சுமந்து பறையைக் காத்தவர்களின் கை, ஊர் பேர் இல்லாத ஒலிக்கோப்பாகி விற்பனைக்குப் போவது பழைய சுரண்டலின் புதிய வடிவம். அதை நம் குழுவே செய்தாலும் சுரண்டல்தான். நம் சட்டத்திலும் இதற்கு இடமிருக்கிறது: 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துக் கலைஞர்களுக்கும் உரிமை தருகிறது, 2012 திருத்தம் அதை விரிவாக்கியது.

ஆகவே நம் கருத்து இதுதான். முதல் பணத்தில் சாம்ப்ளர் வேண்டாம். நல்ல ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை வாங்குவோம். பெரியவர்களிடம் போய் உட்கார்ந்து, சம்மதம் கேட்டு, அவர்களுக்கான கூலியைக் கொடுத்துப் பதிவு செய்வோம். வாசித்தவர் பெயர், ஊர், தேதி, பங்கு ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதி, இருவரும் கையெழுத்திடுவோம். பீட்டை இருக்கிற லேப்டாப்பிலும் கைபேசியிலும் பழகுவோம். மேடை நிகழ்ச்சிகள் பெருகியபின், நான்கைந்து குழுக்கள் சேர்ந்து ஒரு சாம்ப்ளர் வாங்கி முறை வைத்துப் பயன்படுத்தலாம்.

பெட்டி பழசாகும், அடுத்த மாடல் வரும். அந்த நோட்டு இல்லையென்றால், நம் பாட்டன்மாரின் தாளத்துக்கு நாளை வேறு யாராவது உரிமையாளர் ஆவார்கள்.