மாரிகுப்பத்தின் பட்ஜெட்டை மாரிகுப்பம் எழுதட்டும்

நகரசபை பட்ஜெட்டின் ஒரு பகுதியை எதற்குச் செலவிடுவது என்பதை வார்டு மக்களே கூடிப் பேசி முடிவு செய்யும் முறைக்குப் பங்கேற்பு பட்ஜெட் என்று பெயர். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989இல் இதைத் தொடங்கியது. அங்கே 1988இல் 75 சதவீத வீடுகளுக்கு இருந்த குடிநீர், சாக்கடை இணைப்பு 1997இல் 98 சதவீதத்தை எட்டியது. கேரளம் 1996இல் மக்கள் திட்டத்தைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளின் கையில் கொடுத்தது. புனே மாநகராட்சி 2006 முதல் மக்களிடம் விண்ணப்பப் படிவம் மூலம் பணிகளைக் கேட்டு வாங்குகிறது. கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் மாரிகுப்பத்தை உள்ளடக்கிய ராபர்ட்சன்பேட்டை நகரசபையும் இந்த வழிக்கு வர வேண்டும்.

கோலார் தங்கவயலுக்கு இதைக் கேட்க வேறெந்த ஊரையும் விடக் கூடுதல் உரிமை உண்டு. 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம், 1956இல் மைசூர் அரசு, பிறகு மத்திய அரசு, 1972 முதல் பாரத் கோல்டு மைன்ஸ் என நிர்வாகம் கைமாறியது. தொழிலாளர்களின் லைன் வீடு எங்கே, தண்ணீர்க் குழாய் எங்கே என்பதெல்லாம் மேலிருந்தே முடிவாயின. அதன் விளைவு கண்கூடு. சிவசமுத்திரத்திலிருந்து 1902இலேயே சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்த இந்த ஊரில், தொழிலாளர் குடியிருப்புகளில் எடுப்புக் கழிப்பறைகள் 1990கள் வரை இருந்தன. அவற்றை மனிதர் கையால் அள்ளிய குடும்பம் ஒன்றில் பிறந்த பெஜவாடா வில்சன் அந்த வேலையை ஒழிக்கும் தன் போராட்டத்தை இங்கிருந்துதான் தொடங்கினார். 2016இல் மகசேசே விருது பெற்றார். லைன் மக்களைக் கேட்டு யாராவது செலவுத் திட்டம் போட்டிருந்தால், அந்தக் கழிப்பறைகள் அத்தனை காலம் நின்றிருக்குமா?

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. சுரங்கக் கழிவான சயனைட் மேடுகளின் தூசு மட்டும் காற்றடிக்கும் மாதங்களில் இன்றும் வீடுகளுக்குள் வருகிறது. வேலை தேடி ஆயிரக்கணக்கானோர் மாரிகுப்பம் நிலையத்தில் விடியலுக்கு முன்பே ரயில் ஏறி, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளியுள்ள பெங்களூருக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். கர்நாடக நகரசபைகள் பட்ஜெட்டுக்கு முன் பொதுமக்கள் ஆலோசனைக் கூட்டம் நடத்துவது வழக்கம். அதை வேலை நாளில் பகல் பதினொரு மணிக்கு வைத்தால் இவர்களில் ஒருவரும் வர முடியாது. ஞாயிற்றுக்கிழமை, லைன் மைதானத்திலோ கோயில் திடலிலோ சர்ச் வளாகத்திலோ கூட்டம் நடக்க வேண்டும். அறிவிப்பும் கணக்கும் கன்னடத்தோடு தமிழிலும் ஒட்டப்பட வேண்டும். பழைய சுரங்கத் தொழிலாளர் பலருக்குப் படிக்கத் தெரிந்த எழுத்து அதுதான்.

சட்டத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. 74ஆவது திருத்தம் வழி வந்த அரசியல் சட்டத்தின் 243எஸ் பிரிவு, மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கே வார்டு குழுவைக் கட்டாயமாக்குகிறது. தங்கவயலின் மக்கள்தொகை 2011 கணக்குப்படி சுமார் 1.6 லட்சம். சில நூறு வீடுகள் கொண்ட கிராமத்துக்கு கிராம சபை உண்டு. இவ்வளவு பெரிய நகரத்துக்கு அரசியல் சட்டம் அந்த உறுதியைத் தரவில்லை. ஆனால் கூடுதல் குழுக்கள் அமைக்க மாநிலங்களுக்கு அதே பிரிவு இடம் தருகிறது. பக்கத்துத் தமிழ்நாடு 2022இல் விதி வகுத்து, அவ்வாண்டு நவம்பர் 1 அன்று நகர்ப்புறங்களில் பகுதி சபைகளைக் கூட்டியது. கர்நாடகத்தின் சிறு நகரங்களிலும் அது நடைமுறைக்கு வர வேண்டும்.

பணம் இல்லை என்பது வழக்கமான பதில். பாதி உண்மை. மத்திய நிதிக் குழு மானியத்தில் கணிசமான பகுதி குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று முன்பே ஒதுக்கப்பட்டுவிடுகிறது. எனினும் அப்படி ஒதுக்கப்பட்ட பணத்திலும் எந்தத் தெருச் சாக்கடை முதலில் என்பது திறந்த கேள்விதான். கர்நாடக உள்ளாட்சிகள் பட்டியல் சாதி, பழங்குடியினர் நலனுக்கு 24.10 சதவீதம் ஒதுக்கியாக வேண்டும். பட்டியல் சாதி மக்கள் பெருமளவில் வாழும் தங்கவயலில், அந்த ஒதுக்கீட்டை அவர்கள் முன்னிலையில் முடிவு செய்வதே நியாயம்.

கவுன்சிலர்களின் அதிகாரம் பறிபோகும் என்ற அச்சம் வேண்டாம். வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றும் உரிமை மன்றத்திடமே இருக்கும். குடியிருப்பு நிலம் பல இடங்களில் மூடப்பட்ட சுரங்க நிறுவனத்தின் பெயரில் கிடப்பதுதான் நகரசபைப் பணிகளுக்கு உண்மையான தடை. அதற்கு மாநில அரசு மத்திய அரசிடம் பேசித் தீர்வு காண வேண்டும். அதுவரை தெருவிளக்கும் குடிநீரும் காத்திருக்கத் தேவையில்லை.

புனேயிலிருந்து ஒன்று கற்கலாம்: விண்ணப்பப் படிவம் மட்டும் போதாது, மக்கள் கூடிப் பேச வேண்டும். போர்ட்டோ அலெக்ரேயிலிருந்து இன்னொன்று: 2017இல் அங்கே இந்த முறை நிறுத்தி வைக்கப்பட்டது, ஆட்சியாளரின் மனநிலையை நம்பி இதை விட்டுவிடக் கூடாது. எனவே ராபர்ட்சன்பேட்டை நகரசபை அடுத்த பட்ஜெட்டுக்கு முன்பே தீர்மானம் நிறைவேற்றி, வார்டுக்கு இவ்வளவு தொகை என்று அறிவித்து, முதல் கூட்டத்தை மாரிகுப்பத்தில் நடத்த வேண்டும்.