பாசி எரிபொருள் முடிந்துபோன கதையா?

2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எக்ஸான்மொபில் நிறுவனம் பாசி ஆராய்ச்சிக்கு அளித்துவந்த பணத்தை நிறுத்திக்கொண்டது. மரபணு விஞ்ஞானி கிரெய்க் வென்டரின் சிந்தெடிக் ஜீனோமிக்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 60 கோடி டாலர் வரை செலவிடத் தயார் என்று 2009இல் அறிவித்த நிறுவனம் அது. ஹவாயில் பாசி வளர்த்த ஷெல் 2011இலேயே விலகிவிட்டது. பாசி எண்ணெயால் பேர் வாங்கிய சோலசைம், டெர்ராவியா என்று பெயரை மாற்றிக்கொண்டு உணவுப் பொருள்களுக்குத் தாவியும் 2017இல் திவாலானது. இந்த வரிசையைக் காட்டித்தான் ‘பாசியிலிருந்து எரிபொருள் என்பது முடிந்துபோன கதை’ என்ற தீர்ப்பு இன்று வழங்கப்படுகிறது. அந்தத் தீர்ப்பு தவறு என்பது என் வாதம். தோற்றது ஒரு பயிர்முறை. அதை வைத்துப் பயிரையே ஒதுக்குவது, தண்ணீர் ஏறாத மேட்டில் வாழையை நட்டுவிட்டு வாழையே விளையாது என்று சொல்வதற்குச் சமம்.

‘கோடிகளைக் கொட்டிய பெரிய நிறுவனங்களாலேயே முடியவில்லையே’ என்பது முதல் வாதம். அவர்கள் எதை முயன்றார்கள் என்று பார்க்க வேண்டும். ஒரே ஒரு பாசி ரகத்தைத் தனியாக வளர்ப்பது, அதன் உடலில் எண்ணெயை ஏற்றுவது, அந்த எண்ணெயை மட்டும் பிழிந்தெடுப்பது. அதாவது பாசியை எண்ணெய் வித்தாகப் பாவிப்பது. இந்த ஆசையை வளர்த்தவை 2007இல் யூசுப் சிஸ்தி எழுதிய கட்டுரையின் எண்கள். எடையில் 30 சதவீதம் எண்ணெய் இருந்தால் ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்கு 58,700 லிட்டர், 70 சதவீதம் இருந்தால் 1,36,900 லிட்டர். எண்ணெய்ப் பனையோ 5,950 லிட்டர்தான். முதலீட்டாளர்கள் மயங்கியதில் வியப்பில்லை. ஆனால் அதற்கு வெகு முன்பே, 1978 முதல் 1996 வரை அமெரிக்க அரசு நடத்திய நீர்வாழ் உயிரினத் திட்டம் பதில் சொல்லியிருந்தது. 3,000க்கும் மேற்பட்ட ரகங்களைத் திரட்டி, நியூ மெக்சிகோவின் ராஸ்வெல்லில் 1,000 சதுர மீட்டர் குளங்களில் வளர்த்துப் பார்த்தார்கள். பாலைவனத்துக் குளிரில் சராசரி விளைச்சல் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிராம்தான் வந்தது. அதில் கால் பங்கு எண்ணெய் என்று வைத்துக்கொண்டால் ஹெக்டேருக்குச் சுமார் 10,000 லிட்டர். எண்ணெய்ப் பனையைவிட அதிகம்தான், சிஸ்தியின் கணக்குக்கு வெகு தூரம். தழைச்சத்தைக் குறைத்துப் பட்டினி போட்டால் பாசியில் எண்ணெயின் விகிதம் கூடுகிறது, ஆனால் வளர்ச்சி படுத்துவிடுவதால் மொத்த எண்ணெய் கூடுவதில்லை என்றும் 1998இல் வெளிவந்த இறுதி அறிக்கை எழுதிவைத்தது. ஆய்வகத்தில் பொறுக்கியெடுத்த ரகங்களைத் திறந்த குளத்தில் உள்ளூர்ப் பாசிகள் முந்திக்கொண்டன. பட்டினி போட்ட பயிர் மகசூல் தராது, மண்ணுக்குப் பழகாத விதையைக் களை அமுக்கிவிடும் என்பது எந்த விவசாயிக்கும் தெரிந்த பாடம். 2017இல் சிந்தெடிக் ஜீனோமிக்ஸ் மரபணு மாற்றத்தால் ஒரு பாசியின் எண்ணெயை 20 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாக உயர்த்தியது அறிவியலில் உண்மையான சாதனை. ஆனாலும் பயணம் அதே பழைய பாதையில்தான். 2025க்குள் நாளுக்கு 10,000 பீப்பாய் எடுக்கும் திறன் வேண்டும் என்று எக்ஸான் இலக்கு வைத்தது. அந்நிறுவனத்தின் அன்றாட உற்பத்தி 40 லட்சம் பீப்பாயை ஒட்டியது. இவ்வளவு பெரிய வணிகத்துக்குப் போதவில்லை என்பதால், சிறிய அளவில் செய்கிறவனுக்கும் உதவாது என்றாகிவிடாது.

அடுத்த வாதத்தில் வலு உண்டு: உரமும் தண்ணீரும். அமெரிக்கத் தேசிய ஆய்வுக் குழு 2012இல் வெளியிட்ட அறிக்கை, அந்நாட்டுப் போக்குவரத்து எரிபொருளில் 5 சதவீதமான 3,900 கோடி லிட்டரைப் பாசியிலிருந்து எடுக்க, சத்துகளை மறுசுழற்சி செய்யாவிட்டால், 60 லட்சம் முதல் 150 லட்சம் டன் தழைச்சத்து தேவைப்படும் என்று கணக்கிட்டது. பாசியை நிராகரிப்பவர்கள் இந்த எண்ணோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இவற்றில் எதுவுமே தாண்டமுடியாத தடையென்று கருதவில்லை என்று அதே குழு சொன்னதை அவர்கள் எடுத்துக்காட்டுவதில்லை. மூட்டை உரத்தை வாங்கிக் கொட்டினால்தான் அந்தக் கணக்கு பயமுறுத்தும். தழைச்சத்தும் மணிச்சத்தும் ஒவ்வொரு ஊரின் சாக்கடையிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன; வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைய வேண்டியதில்லை. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் வில்லியம் ஆஸ்வால்ட் 1950களிலேயே இதைச் செய்து காட்டினார். ஓரடி ஆழமே உள்ள, ஓட்டப்பந்தயப் பாதைபோல் வளைந்து சுற்றும் குளம். கழிவுநீரைத் துடுப்புச் சக்கரம் மெல்ல நகர்த்தும். பாக்டீரியா கழிவைச் சிதைக்கும், வெளிவரும் சத்தைப் பாசி உண்ணும், பாசி விடும் ஆக்சிஜனை பாக்டீரியா எடுத்துக்கொள்ளும். வழக்கமான சுத்திகரிப்பு நிலையத்தில் காற்றூதும் இயந்திரங்களே பாதி மின்சாரத்தை விழுங்குகின்றன. இங்கே அந்த வேலையை வெயில் செய்கிறது. ஆகவே இந்தப் பாசிக்கு உரச்செலவு இல்லை, நல்ல தண்ணீர் தேவையில்லை. சுத்திகரிப்புக் கட்டணம் வேறு வருகிறது. விளைவிக்கக் கட்டுப்படியாகாது என்ற புகாருக்கும் இதுவே பதில்.

‘பாசியை உலர்த்துவதற்கே அதிலுள்ள ஆற்றல் போய்விடும்’ என்கிறார்கள். உலர்த்தினால் பாதியளவு போய்விடும் என்பது உண்மைதான். குளத்து நீரில் லிட்டருக்கு அரை கிராம் பாசிதான் இருக்கும். சுழற்றிப் பிரித்துக் கூழாக்கிய பிறகும் ஒரு கிலோ பாசியோடு நான்கு கிலோ தண்ணீர் ஒட்டிக்கொண்டு வரும். அதை ஆவியாக்கவே பத்து மெகாஜூல் வேண்டும், காய்ந்த பாசியில் இருப்பது இருபதுக்குச் சற்று மேல். ஆனால் உலர்த்தியே தீரவேண்டும் என்ற கட்டாயம் எங்கிருந்து வந்தது? எண்ணெயைப் பிழியும் பழைய முறையிலிருந்து வந்தது. ஈரக்கூழை அப்படியே 350 பாகை வெப்பத்திலும் கடும் அழுத்தத்திலும் வேகவைத்தால் கச்சா எண்ணெய் பிரிகிறது. வாஷிங்டன் மாநிலத்தின் பசிபிக் நார்த்வெஸ்ட் ஆய்வகம் 2013இல் இதை இடைவிடாமல் ஓடும் முறையாகவே நடத்திக் காட்டியது. இதில் எண்ணெய்ச் சத்து மட்டுமல்லாமல் புரதமும் மாவுச்சத்தும்கூட எரிபொருளாகின்றன. எனவே எண்ணெய் கொழுத்த ரகம் தேவையே இல்லை. வேகமாக வளரும் எந்தக் களைப்பாசியும் போதும். அதைவிட எளிய வழி, நம் ஊர்ச் சாண எரிவாயுக் கலனில் நடப்பதைப்போல் பாசியைப் புளிக்கவைத்து மீத்தேன் எடுப்பது. மிஞ்சும் கரைசல் சத்தோடு குளத்துக்குத் திரும்புகிறது. அறுவடைக்கும் வழி இருக்கிறது. கழிவுநீர்க் குளத்துப் பாசிகள் பல தாமே திரண்டு அடியில் படிகின்றன. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வால்டர் அடே வகுத்த முறையில், சரிவான தளத்தில் நீர் வழிந்தோட, அதில் படர்ந்த இழைப்பாசியைச் சுரண்டி எடுத்துவிடலாம்.

குளங்களுக்கு இடம் வேண்டும் என்ற ஆட்சேபம் நியாயமானது. மனை விலை ஏறிய பெருநகரத்துக்கும், நீண்ட குளிர்காலம் உள்ள ஊருக்கும் இந்த முறை பொருந்தாது. உலகத்தின் பெட்ரோலுக்கு இது மாற்றாகவும் ஆகாது. அப்படிச் சொன்னவர்கள்தான் பாசிக்கு இந்தக் கெட்ட பெயரை வாங்கிக் கொடுத்தார்கள். வெயிலும் திறந்த நிலமும் உள்ள நடுத்தர ஊர்களுக்கானது இது. ஸ்பெயினின் தெற்கில், காதிஸ் நகருக்கு அருகிலுள்ள சிக்லானா அப்படிப்பட்ட ஊர். ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 2011இல் தொடங்கிய திட்டத்தில், அந்த ஊரின் கழிவுநீரில் பாசி வளர்த்து, அதிலிருந்து எடுத்த வாயுவைச் சுத்தப்படுத்திக் கார்களுக்கு நிரப்பினார்கள். கார்கள் ஓடின.