சீசன் இல்லாத சிம்லா

ஜனவரியில் அம்மாவை சிம்லாவுக்கு அழைத்துப் போகிறேன் என்று சொன்னதும், டெல்லியில் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்: "அம்மா மேல் என்ன கோபம்?"

நியாயமான கேள்விதான். அம்மாவுக்கு வயது 72. முழங்கால்கள் இரண்டும் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கின்றன. ஊரோ 2,200 மீட்டர் உயரத்தில். ஆனால் கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்த அம்மாவுக்கு, நடக்க முடிகிறபோதே ஒருமுறை பனியைப் பார்த்துவிட வேண்டும். எந்தப் பனி என்று கேட்க வாய் வந்தது. மொழிபெயர்ப்பு வேலையில் இந்த ஒரு சொல் படுத்தும் பாடு கொஞ்சமல்ல. மார்கழியில் புல்லின் மேல் நிற்பதும் பனி, டெல்லியில் ரயிலை மறைப்பதும் பனி, இமயமலையில் கொட்டுவதும் பனி. முன்பனி, பின்பனி என்று பருவம் வகுத்த நம் முன்னோர்கள் மனதில் இருந்தது நிச்சயம் மூன்றாவது அல்ல. அம்மா கேட்டது அந்த மூன்றாவதைத்தான்.

அதற்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது. சிம்லாவில் பனி விழுவது இப்போதெல்லாம் வருடத்துக்கு வருடம் மாறுகிறது. எனவே, விழுந்தால் லாபம், விழாவிட்டால் நஷ்டமில்லை என்கிற மாதிரி திட்டம் போட்டேன். குளிர்காலப் பயணத்துக்கு இது ஒன்றுதான் சூத்திரம். வானத்தை நம்பாதீர்கள், கூரைகளை நம்புங்கள். ஆறு மணிக்குள் இருட்டிவிடும் ஊரில் மாலையில் எங்கே உட்காருவது என்று முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

நம்மவர்களுக்கு மலை என்றால் மே மாதம். ஊட்டியும் கொடைக்கானலும் பழக்கிவிட்ட கணக்கு. ஆங்கிலேயர்கள் சுமார் 25,000 பேருக்காக அமைத்த ஊர் சிம்லா. 2011 கணக்கெடுப்பில் அங்கே ஏறத்தாழ 1.7 லட்சம் பேர் இருந்தார்கள். அதற்கு மேல் கோடைக் கூட்டம். 2018இல் மே கடைசியில் குழாய்கள் வறண்டு, மக்கள் தெருவில் இறங்கினார்கள். கோடை விழாவைத் தள்ளிவைத்தார்கள். தயவுசெய்து இப்போது வராதீர்கள் என்று உள்ளூர்வாசிகளே சுற்றுலாப் பயணிகளைக் கேட்டுக்கொண்டார்கள். வராதே என்கிற வீட்டுக்கு விருந்துக்குப் போவானேன்? புத்தாண்டுக் கூட்டம் கலைந்த பிறகு, பிப்ரவரி கடைசி வரை, வார நாட்களில் ஊர் தன்னிடமே திரும்பி வந்துவிடுகிறது. அறை வாடகையும் இறங்கிவிடுகிறது.

நாங்கள் போனது 2024 ஜனவரி கடைசி வாரம். டெல்லியிலிருந்து காலை ரயிலில் கால்கா போய், அதே நாள் மலை ரயிலைப் பிடிக்கலாம் என்று கால அட்டவணை சொல்லும். மூடுபனி காலத்தில் அட்டவணையை நம்ப வேண்டாம். முதல் நாளே கால்கா போய்த் தங்கி, காலை ரயிலில் ஏறினோம்.

1903இல் திறக்கப்பட்ட பாதை இது. 96 கிலோமீட்டர், ஐந்து மணி நேரத்துக்கு மேல். சுரங்கங்களின் எண்கள் 103 வரை போகின்றன, ஆனால் இருப்பது 102தான். நடுவில் 46ஆம் எண் இப்போது இல்லை. இதைச் சொன்னதும் அம்மா எண்ணத் தொடங்கினார். ஒரு கிலோமீட்டருக்கும் நீளமான 33ஆம் எண் சுரங்கத்தைத் தாண்டி, பரோக் நிலையத்தில் டீ குடிக்க இறங்கியதில் கணக்கு தவறிவிட்டது. சிம்லாவுக்குச் சற்று முன்னால் சம்மர் ஹில். ஓவியர் அம்ரிதா ஷேர்கில் வாழ்ந்த இடம். தென்னிந்தியாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து 1937இல் அவர் வரைந்த பிரம்மச்சாரிகளையும் சந்தைக்குப் போகும் கிராமத்தாரையும் டெல்லியில் ஜெய்ப்பூர் ஹவுஸில் அம்மாவுக்கு ஏற்கெனவே காட்டியிருந்தேன். 2023 ஆகஸ்டில் மண் சரிந்து, இந்தப் பாதையின் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியதும் இங்கேதான். அதை மட்டும் இறங்கின பிறகு சொன்னேன்.

ஓட்டல் விஷயத்தில் ஏமாந்தேன். தொலைபேசியில் பேசியவர், "வண்டி வாசல் வரைக்கும் வரும்" என்றார். வாசல் வரை வந்தது. வாசலுக்கும் அறைக்கும் நடுவில் 70 படிகள் இருந்தன. அம்மா அண்ணாந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. முன்பணம் போனது போகட்டும் என்று, கார்ட் ரோட்டிலிருந்து மால் ரோடுக்கு ஏறும் லிஃப்டுக்குப் பக்கத்தில் வேறு அறை பிடித்தேன். மால் ரோட்டில் வாகனங்களுக்கு அனுமதி கிடையாது, நடைதான். எனவே நீங்கள் ஓட்டல்காரரிடம் கேட்க வேண்டியவை மூன்று: எத்தனை படி, அறையில் ஹீட்டர் உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா. ஜன்னலில் என்ன தெரியும் என்பது அப்புறம்.

வானம் நீல நிறமாக, துளி மேகமில்லாமல் இருந்தது. பனிக்கு வாய்ப்பே இல்லை. ஆனால் அதே தெளிந்த வானம் இன்னொன்றுக்கு வேண்டியிருக்கிறது. 1920 முதல் இங்கே ஒரு சறுக்கு மைதானம் இருக்கிறது. தரையில் இரவு தண்ணீரைப் பரப்புவார்கள். மேகம் இல்லாவிட்டால் குளிரில் அது தானாக உறையும். மேகம் வந்தாலோ, பனி கொட்டினாலோ அன்றைய சறுக்கல் போச்சு. ஊர் சூடாகிவருவதால் சறுக்கும் நாட்களும் குறைந்துகொண்டே வருகின்றன. ஜனவரியில் சிம்லாப் பள்ளிகளுக்கு விடுமுறை என்பதால், காலை எட்டரைக்கே குழந்தைகள் கூட்டம். சறுக்குக் காலணி வாடகைக்குக் கிடைக்கிறது. அம்மா அதை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு குனிந்து தரையைத் தொட்டார். "ஐஸ்தானே," என்றார். ஆனாலும் அங்கிருந்து நகர ஒரு மணி நேரமாயிற்று. விழுந்து விழுந்து எழும் ஒரு சிறுமியை அவர் பேத்தியாகவே பாவித்து, தமிழில் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

கூரைகளுக்கு வருகிறேன். 1888இல் கட்டி முடிக்கப்பட்ட வைஸ்ராய் மாளிகை. உள்ளே பர்மா தேக்கு இழைத்திருக்கிறார்கள். காந்தியும் ஜின்னாவும் சிம்லாவுக்கு வந்திருந்த 1945 மாநாடு நடந்த இடம். இன்று இந்திய உயர்கல்வி ஆய்வு நிறுவனம். 1965இல் அதைத் தொடங்கிவைத்தவர் நம் திருத்தணி ராதாகிருஷ்ணன். மாளிகையை வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். (வைஸ்ராய் இர்வின் பிரபு வேறு ஆள்.) மால் ரோட்டிலுள்ள கெய்ட்டி நாடக அரங்கமும் அவர் கைவண்ணம்தான். பிறகு சென்னைக்கு வந்தார். உயர் நீதிமன்றம், எழும்பூர் ரயில் நிலையம் என்று நமக்குப் பழகிய சிவப்புக் கட்டடங்களில் அவர் கை இருக்கிறது. கும்பகோணம் ரயிலில் வந்து ஆயுள் முழுக்க எழும்பூரில் இறங்கியவர் அம்மா. "அப்படியா? அங்கேயும் படிதான்," என்றார்.

கெய்ட்டி 1887இல் திறக்கப்பட்டது. பழுது பார்த்து 2009இல் மறுபடி திறந்தார்கள். கிப்ளிங் நடித்த மேடை. பகலில் சிறு கட்டணத்துக்குச் சுற்றிக்காட்டுகிறார்கள். அதோடு திரும்பிவிடாதீர்கள். நாடகம் உண்டா என்று விசாரியுங்கள். நாங்கள் போன மாலையில் உள்ளூர்க் குழு ஒன்றின் இந்தி நாடகம். கம்பளியும் குல்லாயுமாக வந்திருந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஊர்க்காரர்கள், ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டார்கள். கோடையில் இந்தச் சபையில் எங்களுக்கு இடம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். அம்மாவுக்கு இந்தி தெரியாது. மாமியார் பாத்திரம் பொய் சொல்கிறது என்பதை மட்டும் எனக்கு முன்னால் கண்டுபிடித்துவிட்டார். வெளியே வரும்போது தீர்ப்பு வந்தது: "ஆர்.எஸ். மனோகர் நாடகத்துக்கு இந்த மேடை போதாது. ஆனா கடைசி வரிசைக்கும் குரல் கேட்குது."

மறுநாள் காபி ஹவுஸ், மாநில அருங்காட்சியகத்தில் பஹாடி சிற்றோவியங்கள். மூன்று இரவுகள் போதும், நான்காவது நாள் குளிர் எலும்புக்குள் போய்விடும். அருங்காட்சியகங்களுக்குப் பெரும்பாலும் திங்கள் விடுமுறை என்பதால், செவ்வாயன்று போய்ச் சேருங்கள்.

நாங்கள் இறங்கி வந்தோம். பிப்ரவரி 1ஆம் தேதி சிம்லாவில் பனி விழுந்தது, அந்தக் குளிர்காலத்தின் முதல் பனி. அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று நினைத்திருந்தேன். கும்பகோணத்திலிருந்து போன் வந்தது. டிவியில் பார்த்துவிட்டாராம்.

"அந்தப் பொண்ணு இன்னிக்கு சறுக்க முடியாதே," என்றார்.