துருவக் குளிருக்கு மாத்திரைக் கவசமா?

துருவப் பயணம் போகிறவர்கள் வைட்டமின் சி மாத்திரையைக் கிராம் கணக்கில் விழுங்கினால் சளி அண்டாது, உடம்பு இரும்பாகிவிடும் என்றொரு நம்பிக்கை விடாப்பிடியாக உலவுகிறது. வைட்டமின் சி சளியைத் தடுக்கும் என்று 1970இல் வேதியியலாளர் லைனஸ் பாலிங் புத்தகமாகவே எழுதினார். இரண்டு நோபல் பரிசு பெற்றவர் சொன்னால் மறுத்துப் பேச யாருக்குத் துணிவு வரும்?

நம்பிக்கையின் வேர், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயில் இருக்கிறது. 1898இல் பெல்ஜிகா கப்பல் அண்டார்டிக் பனியில் சிக்கிக் கிடந்தபோது, சீல், பென்குயின் கறியைத் தின்னும்படி மாலுமிகளிடம் மன்றாடினார் மருத்துவர் ஃபிரெடரிக் குக். பயணத் தலைவர் ஜெர்லாஷுக்கு அந்தக் கறியென்றாலே குமட்டல். படுக்கையில் விழுந்த பிறகுதான் வழிக்கு வந்தார், தேறியும் எழுந்தார். அவரைப் பிழைக்க வைத்தது அந்தக் கறியில் இருந்த இத்துனூண்டு வைட்டமின் சி. ஸ்கர்வியைத் தடுக்க நாளுக்குச் சுமார் 10 மில்லிகிராம் போதும். கொஞ்சம் காப்பாற்றியது என்பதால் நூறு மடங்கு இன்னும் நன்றாகக் காப்பாற்றும் என்பது என்ன கணக்கு?

சளியைக் கொண்டுவருவது குளிரல்ல, வைரஸ். வெளியாள் வராத முகாமுக்குள் அது புதிதாக நுழைவது அரிது. அண்டார்டிகாவின் அடிலெய்ட் தீவு முகாமில் 1969இல், பதினேழு வாரத் தனிமைக்குப் பிறகு, 12 பேரில் 6 பேருக்குச் சளி பிடித்தது உண்மைதான். ஆனால் அது விந்தை என்பதால்தான் மருத்துவ இதழில் ஏறியது.

எதிர்த்தரப்பிடமும் சரக்கு இருக்கிறது. மாரத்தான் ஓட்டக்காரர்கள், பனிச்சறுக்கு வீரர்கள், கடுங்குளிரில் பயிற்சி செய்த ராணுவத்தினர் ஆகியோரிடம் நடந்த ஐந்து சோதனைகளில் சளி பாதியாகக் குறைந்ததாக மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பின் 2013ஆம் ஆண்டுத் தொகுப்பு சொல்கிறது. ஆனால் அங்கே கொடுத்தது கால் கிராம் முதல் ஒரு கிராம் வரைதான். அதுவும் உடம்பை முறிக்கும் உழைப்பின்போது. மாதக்கணக்கில் முகாமுக்குள் அடைந்திருப்பவருக்கு அது பொருந்தாது. அதே தொகுப்பின்படி, தினமும் மாத்திரை போட்ட பொதுமக்களுக்குச் சளி பிடிப்பது குறையவில்லை.

ஒரு கிராமுக்கு மேல் போனால் குடல் பாதியைக்கூட உறிஞ்சுவதில்லை. உறிஞ்சியதிலும் மிகுந்தது சிறுநீரில் போய்விடும். ஸ்வீடன் ஆண்களிடம் நடந்த ஆய்வில், இந்த மாத்திரை போட்டவர்களுக்குச் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாக இருந்தது. துருவக் காற்றோ வறண்டது. பல முகாம்களில் குடிக்கும் தண்ணீரையும் பனியை உருக்கித்தான் எடுக்க வேண்டும். உடம்பில் நீர் குறைந்தால் கல் இன்னும் எளிதில் சேரும். நடுக் குளிர்காலத்தில், விமானம் எளிதில் இறங்க முடியாத இருட்டில் கல் வலி கண்டால் எங்கே ஓடுவது?

உண்மையில் அங்கே தட்டுப்படுவது வேறொரு குறை. மாதக்கணக்கில் சூரியனே இல்லாத ஊரில் வைட்டமின் டி சரிகிறது. மருந்துப் பெட்டியில் இடம் கேட்பது அதுதான். வைட்டமின் சி-க்கு ஒழுங்கான சாப்பாடே போதும்.