ஓடுகிற வண்டியை ஏன் தொட வேண்டும்?

கம்ப்யூட்டர் வாங்கி நான்கு மாதமே ஆன பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் சென்ற மாதம் என்னை அழைத்தார். வீட்டு வரவு செலவு எழுத இலவச புரோகிராம் ஒன்றை இன்ஸ்டால் செய்திருந்தார். அதன் உதவிப் பக்கத்தைத் திறந்து தேடல் கட்டத்தில் ஒரு சொல்லைத் தட்டினால், தேடுவதாக ஓர் அறிவிப்பு வருகிறது, அப்படியே நிற்கிறது. இடது பக்க மெனுவும் விரியவில்லை. "எதையோ மாத்தி அழுத்திட்டேன் போல, தம்பி. கம்ப்யூட்டர் கெட்டுப் போச்சா?" என்று கேட்டார்.

அவர் மீது எந்தத் தவறும் இல்லை. கம்ப்யூட்டரும் நன்றாகவே இருந்தது. அந்தத் தளத்தின் 'தீம்' பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாமல் கிடந்ததுதான் காரணம்.

தீம் என்றால் என்ன? உதவிக் குறிப்புகளை ஒருவர் எழுதுகிறார். அதற்கு எழுத்தளவு, நிறம், மெனு, தேடல் கட்டம், செல்போனில் பார்த்தால் அடங்கும் அமைப்பு ஆகியவற்றைத் தருவது தீம். அதாவது பக்கத்தின் உடை. ஓப்பன் சோர்ஸ் தளங்களை நடத்துபவர்கள் பெரும்பாலும் இதைத் தாங்களே தைப்பதில்லை. வேறொருவர் தைத்து இலவசமாகக் கொடுத்ததை அணிவிக்கிறார்கள். அந்தத் தீமும் தனியாக இயங்காது. பழைய டியூப் லைட்டுக்கு சோக்கும் ஸ்டார்ட்டரும் தேவைப்பட்டது போல, அதற்கும் சில துணை புரோகிராம்கள் வேண்டும். இந்தச் சார்பைத்தான் டிபெண்டன்சி என்கிறார்கள்.

ஓர் உண்மையான எடுத்துக்காட்டு. உதவிக் குறிப்புகளை இணையப் பக்கங்களாக மாற்றித் தரும் ஸ்பிங்க்ஸ் என்ற புரோகிராம் 2008-ல் வந்தது. பைத்தான் மொழியின் கையேட்டுக்காக எழுதப்பட்டது. பிளெண்டர், கிருட்டா போன்ற புரோகிராம்களின் கையேடுகளும் இதில்தான் தயாராகின்றன. ஸ்பிங்க்ஸ் தன்னுடன் ஜேகுவரி என்ற துணை புரோகிராமையும் சேர்த்தே கொடுத்து வந்தது. 2006-ல் வந்த ஜேகுவரி, பிரவுசருக்குப் பிரவுசர் இருந்த வேறுபாடுகளைச் சமாளிக்கப் பெரிதும் உதவியது. இன்றைய பிரவுசர்கள் அந்த வேலைகளில் பலவற்றைத் தாங்களே செய்து விடுகின்றன. எனவே 2022 டிசம்பர் இறுதியில் வெளியான ஸ்பிங்க்ஸ் 6-ல் ஜேகுவரி நீக்கப்பட்டது. அது எப்போதும் கூடவே வரும் என்று நம்பியிருந்த தீம்களுக்கு இதனால் சிக்கல். பலரும் பயன்படுத்தும் 'ரீட் த டாக்ஸ்' தீம், 2023-ல் வந்த 1.2 பதிப்பில் ஜேகுவரியைத் தனியாகக் கொண்டு வரும்படி மாற்றப்பட்டது. தீமைப் புதுப்பித்த தளங்கள் தப்பித்தன. ஸ்பிங்க்ஸ் மட்டும் புதிது, தீம் பழையது என்று இருந்தால், ஜேகுவரியை நம்பிய மெனு போன்ற பகுதிகள் படுத்து விடும்.

"ஓடுகிற வண்டியை ஏன் தொட வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. இத்தளங்களைப் பராமரிப்பவர்களில் பலர் சம்பளம் வாங்காதவர்கள். இரவு சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரம் ஒதுக்குபவர்கள். புதிய வசதி ஒன்றைச் சேர்த்தால் கை தட்டுவார்கள். தீமைப் புதுப்பித்தால் யாருக்கும் தெரியாது. புதுப்பிக்கும்போது இருப்பதும் கெட்டு விடலாம்.

ஆனால் தொடாமல் விட்டதன் விலையையும் பார்த்து விட்டோம். பாலிபில்.ஐஓ என்ற தளம், பழைய பிரவுசர்களில் புதிய வசதிகள் இயங்க உதவும் நிரல்களை இலவசமாக அனுப்பி வந்தது. எம்கேடாக்ஸ் மெட்டீரியல் என்ற புகழ் பெற்ற தீமில் கணிதக் குறியீடுகளைக் காட்ட, இந்தத் தளத்தை அழைக்கும் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். பலரும் சேர்த்தார்கள். பழைய பிரவுசர்கள் போய் விட்டன. அந்த வரி மட்டும் பல தளங்களில் தங்கி விட்டது. 2024 பிப்ரவரியில் பாலிபில்.ஐஓ முகவரி வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போனது. அந்தச் சேவையைத் தொடங்கியவரே, இதை உடனே நீக்குங்கள் என்று எச்சரித்தார். அதே ஆண்டு ஜூனில், அது பார்வையாளர்களுக்குத் தீய நிரல்களை அனுப்புவது கண்டுபிடிக்கப்பட்டது. அதை அழைத்து வந்த தளங்கள் 1 லட்சத்துக்கும் மேல். தேவை முடிந்த ஒரு வரியை அழிக்காததால் வந்த வினை.

எனவே என் கருத்து இதுதான். அப்டேட் என்றால் வருவதையெல்லாம் கண்ணை மூடிக் கொண்டு ஏற்பதல்ல. நாம் எதையெல்லாம் நம்பியிருக்கிறோம் என்று ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறையாவது எண்ணிப் பார்ப்பது. தேவையற்றதை நீக்கி, தேவையானதைப் புதுப்பிப்பது. பொறுப்பான தளக்காரர்கள் தீமின் பதிப்பு எண்ணை ஒரு பைலில் குறித்து வைக்கிறார்கள். அந்த எண் ஒன்றை மட்டும் மாற்றி, தளத்தின் நகல் ஒன்றைத் தயாரித்து, மெனு, தேடல், செல்போன் தோற்றம் மூன்றையும் பார்த்த பிறகே வெளியிடுகிறார்கள். இந்த வேலைக்குப் பாராட்டு இல்லாவிட்டாலும் மரியாதை வேண்டும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவருக்கு உதவிப் பக்கம்தான் ஆசிரியர். அது ஊமையானால் அவர் தளத்தைக் குறை சொல்வதில்லை. தனக்கு இதெல்லாம் வராது என்று முடிவு கட்டி விடுகிறார்.

வாசகர்களே, நீங்களும் சிலவற்றைச் செய்யலாம். உதவிப் பக்கம் இயங்காவிட்டால் வேறொரு பிரவுசரில் திறந்து பாருங்கள். அங்கும் அப்படியே என்றால் பெரும்பாலும் கோளாறு தளத்தில்தான். எந்தப் பக்கம், எந்தப் பிரவுசர், என்ன நடந்தது என்று நான்கு வரி எழுதி அத்தளத்துக்கு அனுப்புங்கள். உங்கள் கம்ப்யூட்டரிலும் இதே கணக்குதான். பிரவுசரில் சேர்த்த எக்ஸ்டென்ஷன்களைப் பாருங்கள், பயன்படுத்தாததை நீக்குங்கள். பழைய கம்ப்யூட்டரை வாங்கியிருந்தால் பிளாஷ் பிளேயர் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கான ஆதரவு 2020 டிசம்பர் 31-ல் முடிந்து விட்டது, அழித்து விடலாம். முக்கிய பைல்களை பேக்கப் எடுத்து விட்டு, ஒவ்வொன்றாக அப்டேட் செய்யுங்கள். ஏதேனும் கெட்டால் எதனால் என்று தெரியும்.

பெரியவரும் நானும் அன்று அந்த நான்கு வரியை எழுதி அனுப்பினோம். பத்து நாளில் பதில் வந்தது. தீமைப் புதுப்பித்து விட்டதாகவும், சொன்னதற்கு நன்றி என்றும் எழுதியிருந்தார்கள். பெரியவர் மெனுவைக் கிளிக் செய்தார், விரிந்தது. "அப்போ நான் எதையும் கெடுக்கல" என்றார். அந்த நிம்மதிக்காகவாவது வண்டியை அவ்வப்போது தொடத்தான் வேண்டும்.