இருபது ரூபாய்க் காப்பீட்டை யார் படித்துச் சொல்வது?

ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில் நல்லூர் ஒன்றியத்துக் காலனிகளில் பலருடைய வங்கிக் கணக்கிலிருந்து 20 ரூபாய் பிடிக்கப்படுகிறது. பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்துக்கான ஓராண்டுக் கட்டணம் அது. எதற்காகப் பிடித்தார்கள் என்று கேட்டால், "பேங்க்ல ஏதோ புடிச்சுக்கிட்டாங்க" என்பதுதான் பதில். கட்டுகிறவருக்கே தெரியாத காப்பீடு, அவர் இறந்த பிறகு அவர் மனைவிக்கு எப்படித் தெரியும்?

2015 மே மாதம் 12 ரூபாயில் தொடங்கிய இத்திட்டத்தின் கட்டணம் 2022 ஜூனில் 20 ரூபாயானது. 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் இறந்தால் 2 லட்சம். ஒரு கண்ணோ, ஒரு கையோ, ஒரு காலோ நிரந்தரமாகப் போனால் 1 லட்சம். இதுவரை விளம்பரத்தில் வந்துவிடும். வராதவை விதிகளில் இருக்கின்றன. பாம்பு கடித்து இறந்தாலும், மரத்திலிருந்து விழுந்து இறந்தாலும் பணம் உண்டு. ஆனால் உடனடியாக மருத்துவமனையில் பதிவான ஆவணம் வேண்டும். சாலை விபத்து, நீரில் மூழ்கியது என்றால் காவல் நிலையத்தில் பதிவு வேண்டும். கரும்பு வெட்டும்போது பாம்பு கடித்தவரை நாட்டு வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடி, அங்கேயே உயிர் போய், அன்றைக்கே அடக்கமும் முடிந்துவிட்டால் காகிதம் ஏது?

விருத்தாசலம் பீங்கான் பட்டறையில் இயந்திரத்தில் ஒரு விரலை இழந்தவருக்கு இத்திட்டத்தில் பணம் கிடையாது. கையே செயலிழந்தால்தான் கணக்கில் வரும். தூசியால் நுரையீரல் கெட்டால் அது நோய், விபத்து அல்ல. இது முன்பே தெரிந்தால்தான் இ.எஸ்.ஐ., தொழிலாளர் இழப்பீடு என்று வேறு வழிகளைத் தேட முடியும்.

காப்பீட்டு விண்ணப்பங்களின் முடிவில், கைநாட்டு வைப்பவருக்கும் படிவத்தின் மொழி தெரியாதவருக்கும் ஓர் உறுதிமொழி இருக்கும். 'எல்லாம் எனக்கு விளக்கப்பட்டது, புரிந்துகொண்டேன்' என்பது அதன் சாரம். விளக்கியவர் என்ன சொன்னார், எவ்வளவு நேரம் சொன்னார் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. மை காய்வதற்குள் நம் மக்கள் 'புரிந்துகொண்டவர்' ஆகிவிடுகிறார்கள். பின்னாளில் பணம் மறுக்கப்படும்போது அந்தக் கைநாட்டே அவர்களுக்கு எதிரான சாட்சி.

1947-இல் அண்ணல் அம்பேத்கர் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணம், காப்பீடு முழுவதும் அரசின் கையில் இருக்க வேண்டும், வயது வந்த ஒவ்வொருவருக்கும் ஊதியத்துக்கேற்ற ஆயுள் காப்பீடு கட்டாயமாக வேண்டும் என்றது. 1956-இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானது. ஆனால் கூலிக்காரருக்கும் காப்பீடு உரிமை என்ற அந்தக் கனவு, புரியாத காகிதமாகவே நம் காலனிக்கு வந்து சேர்ந்தது.

இந்த இடத்தில்தான் மொழித் தொழில்நுட்பம் உதவ முடியும். பேச்சை எழுத்தாக்கவும், எழுத்தைப் பேச்சாக்கவும், மொழிபெயர்க்கவும் ஒன்றிய அரசின் 'பாஷிணி' 2022-இலிருந்து இருக்கிறது. "எங்க வூட்டுக்காரரு மரத்துலேருந்து வுழுந்துட்டாரு, பணம் வருமா?" என்று கைப்பேசியில் கேட்டால், "வரும், முதலில் ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கி வையுங்கள்" என்று அதே தமிழில் பதில் தருவது இன்று நடக்கக்கூடிய காரியம். நமக்கு இது வெறும் வசதி அல்ல. ஒரு காகிதத்தைப் படிக்கச் சொல்ல, ஊர்த்தெருவில் யார் வீட்டுத் திண்ணைக்கு முன்னாலோ நின்ற தலைமுறைகள் நம்முடையவை. வீட்டில் என்ன நோய், என்ன கடன், எவ்வளவு பணம் வரப்போகிறது என்பதெல்லாம் படித்துச் சொன்னவருக்கும் தெரிந்துபோகும். அந்தச் சார்பை அறுக்க ஒரு குரல் கிடைத்தால் அதை விடக் கூடாது.

ஆனால் எச்சரிக்கையும் தேவை. காப்பீட்டில் 'ரைடர்' என்பது கூடுதலாக இணைக்கும் பாதுகாப்பு. இயந்திரம் அதைச் 'சவாரி செய்பவர்' என்று பெயர்த்தால் யாருக்கு லாபம்? 'நியமனதாரர்' என்றால் நம் தாய்மாருக்கு விளங்காது. 'நாமினி' என்றால் விளங்கும். இயந்திரம் தப்பாகச் சொல்லி, அதை நம்பி ஒரு குடும்பம் பணத்தை இழந்தால் பொறுப்பு யாருடையது? ஆங்கிலப் பிரதியே செல்லும் என்று நிறுவனம் கைகழுவினால், தமிழ் வெறும் அலங்காரம்.

மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள் எளிய நடையில் தகவல் தாள் தர வேண்டும், கேட்டால் உள்ளூர் மொழியிலும் தர வேண்டும் என்ற விதி 2024 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. 'கேட்டால்' என்ற சொல்லில்தான் சிக்கல். இருப்பதே தெரியாதவர் எப்படிக் கேட்பார்?

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. கேட்காமலே தமிழில் தர வேண்டும்; தாளாக மட்டுமின்றி ஒலியாகவும் தர வேண்டும். கைநாட்டு வாங்கும் முன் விளக்கியதை ஒலிப்பதிவு செய்து, பிரதியை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். தமிழில் சொன்னது நிறுவனத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். நோயைப் பற்றி நாம் கேட்கும் கேள்வி, நமக்கே எதிரான ஆதாரமாகக் கூடாது. நடைமுறைக்கு வருமுன் நடவுக்காரரும் பீங்கான் தொழிலாளியும் கேட்டுப் புரிகிறதென்று சொல்ல வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் புகார் எண் 155255. நிறுவனம் கைவிரித்தால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. படித்த நம் பிள்ளைகள் இந்த மாதமே வீட்டிலுள்ள வங்கிப் புத்தகங்களைத் திறந்து, 20 ரூபாய் கழிந்திருக்கிறதா என்று பார்த்து, யார் நாமினி என்று பெற்றோருக்குச் சொல்லட்டும்.