வெயில் ஊருக்குக் கெட்டி ஆயிலா? யாருங்க சொன்னது?

முதல்லயே சொல்லிடறேன், நான் மெக்கானிக் கிடையாது. பி.காம் முடிச்சுட்டு இருபது வருஷத்துக்கு மேல பேங்க்ல லெட்ஜரும் லோன் ஃபைலும் பாக்கிற ஆளு. 2019ல நாக்பூருக்கு மாத்தினாங்க. 2021ல செகண்ட் ஹேண்ட்ல ஒரு 2014 மாடல் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ வாங்கினேன். 1.2 லிட்டர், டர்போ, 105 குதிரை. "நாப்பது வயசுக்கு மேல உங்களுக்கு எதுக்கு இந்த வேகம்"னு வீட்ல கேட்டாங்க. நியாயமான கேள்விதான், பதில் இல்ல.

வண்டி வாங்கின நாள்லேர்ந்து பாக்கிற ஆளெல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடறாங்க. "சார், இது நாக்பூர். மே மாசம் 45 டிகிரி. 5டபிள்யூ-40 எல்லாம் ஐரோப்பாக்காரனுக்கு. தண்ணி மாதிரி ஓடிடும். 20டபிள்யூ-50 ஊத்துங்க, இன்ஜின் கல்லு மாதிரி நிக்கும்." அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் சொன்னார். பொங்கல் விழாவுக்கு வந்த பெரியவர் சொன்னார். என் மாமனார் சேலத்துலேர்ந்து போன் போட்டுச் சொன்னார். எல்லாத்துக்கும் மேல, நான் வண்டி விடற கராஜ்காரரும் சொன்னார்.

யாராவது ஒருத்தர் வண்டியோட கையேட்டைத் திறந்து பாத்தாங்களான்னு கேட்டா, இல்ல. ஒரிஜினல் டாக்குமெண்ட் பாக்காம நான் ஒரு லோன் சாங்ஷன் பண்ணினா என்னை விட்டுடுவாங்களா?

சரி, அந்த நம்பர் என்னதான் சொல்லுதுன்னு பாப்போம். 5டபிள்யூ-40ங்கிறது ஒரே கணக்கு இல்ல, ரெண்டு தனித்தனி கணக்கு. டபிள்யூன்னா வெயிட்னு நினைக்கறவங்கதான் அதிகம். இல்லீங்க, அது விண்டர். எஸ்.ஏ.ஈ ஜெ300னு ஒரு தரம் இருக்கு, அதுல 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியில சோதிக்கறாங்க, 20டபிள்யூவை மைனஸ் 15ல. பின்னாடி வர்ற 40 முழுக்க வேற சமாச்சாரம். 100 டிகிரி சூட்டுல அந்த ஆயில் 12.5லேர்ந்து 16.3 சென்டிஸ்டோக்குக்குள்ள இருக்கணும். 50ன்னா 16.3லேர்ந்து 21.9 வரைக்கும்.

அந்த 100 டிகிரியைக் கவனிங்க. வெளில 45ஆ 15ஆன்னு அந்தக் கணக்குல பேச்சே இல்ல. தண்ணியில குளிர்ற இன்ஜின்ல தெர்மோஸ்டாட்னு ஒரு வாட்ச்மேன் இருக்கார் (நம்ம அபார்ட்மெண்ட் வாட்ச்மேனை விட விவரமானவர்). கூலண்ட்டை 90 டிகிரி பக்கத்துல பிடிச்சு வெச்சுக்கறதுதான் அவர் வேலை. நாக்பூர் மே மாசமா இருந்தாலும் சிம்லா ஜனவரியா இருந்தாலும் அவருக்கு ஒண்ணுதான். ஆயில் சூடு அதையொட்டி 100 பக்கம் நிக்கும், அழுத்தி ஓட்டினா 120க்கு மேலயும் போகும். வெளி வெயிலால கொஞ்சம் கூடும், இல்லேன்னு சொல்லல. ஆனா 30 டிகிரி வெயில் கூடினா ஆயிலும் 30 டிகிரி கூடிடும்ங்கிறது கதை.

காத்துல குளிர்ற புல்லட்டுக்கு இந்த வாதம் பொருந்தாது. அதுக்குத் தெர்மோஸ்டாட் கிடையாது, 50 ஊத்தச் சொல்றதுல அர்த்தம் இருக்கு. பெரியவங்க சொல்றது தப்பான இடத்துலேர்ந்து வந்தது இல்ல. அவங்க ஓட்டினது அம்பாசடரும் பத்மினியும். அந்த இன்ஜின்களோட இடைவெளி வேற, அன்னிக்குக் கிடைச்ச ஆயில் வேற. அந்த அனுபவத்தை அப்படியே தூக்கி ஒரு சின்ன டர்போ மேல வெக்கறதுதான் எனக்குப் பிடிக்கல.

டர்போ பத்தி ஒரு வார்த்தை. அதோட தண்டு நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல சுத்துது. பால் பேரிங்கெல்லாம் இல்ல, பெரும்பாலான கார்ல ஒரு மெல்லிய ஆயில் படலத்துல மிதந்துதான் சுத்துது. காலையில ஸ்டார்ட் பண்ணினதும் அந்த ஆயில் அங்க போய்ச் சேரணும். கெட்டியா இருந்தா கேஜ்ல பிரஷர் ஜம்முனு காட்டும். ஆனா பம்ப்புல ரிலீஃப் வால்வு திறந்து பாதி ஆயில் திரும்பிச் சம்ப்புக்கே போயிட்டிருக்கும். பிரஷர் வேற, ஓட்டம் வேற. டெபாசிட் கூடியிருக்கு, கடனா வெளில ஒண்ணும் போகலைன்னா அந்த பிராஞ்ச்சை நல்ல பிராஞ்ச்னு சொல்லுவோமா?

இன்னொண்ணு, வண்டியை நிறுத்தினதும் ஆயில் ஓட்டம் நின்னுடும், டர்போ சூடு மட்டும் நிக்காது. கடையில கிடைக்கற 20டபிள்யூ-50 பெரும்பாலும் மினரல் ஆயில். அது அந்தச் சூட்டுல அடுப்புல மறந்த பால் மாதிரி அடிப்பிடிக்கும். சிந்தெடிக் 5டபிள்யூ-40 இதை ரொம்ப நல்லாத் தாங்கும்.

"நாக்பூர்ல மைனஸ் 15 எங்க சார் வருது? அப்புறம் 5டபிள்யூ எதுக்கு?"ன்னு கேக்கறீங்களா? நல்ல கேள்வி. குளிர்ல ஸ்டார்ட் ஆகறதுக்காக மட்டும்னா இங்க 5டபிள்யூ தேவையே இல்ல, ஒத்துக்கறேன். ஆனா அந்தச் சின்ன நம்பரோட நல்ல அடிப்படை ஆயிலும் கம்பெனி அங்கீகாரமும் சேர்ந்து வருது. நிஸ்ஸான் ஜி.டி.ஆர். ஆர்35க்கு ஃபேக்டரியில ஊத்தினதே மொபில் 1 0டபிள்யூ-40 தான். அந்தக் காரை துபாய்லயும் ஓட்டறாங்க, பனியில மட்டும் இல்ல.

இதுக்கு நேர் எதிரா இன்னொரு கோஷ்டி. பசங்க. "அங்கிள், 0டபிள்யூ-20 போடுங்க, மைலேஜ் பிச்சுக்கும்." இன்னும் சிலர் "பி.எம்.டபிள்யூ எம்3க்கு 10டபிள்யூ-60, அதையே போடுவோம்"ங்கறாங்க. அந்த 60 பழைய, மேல்சுத்துல கத்தற எம் இன்ஜின்களுக்கு. பின்னாடி வந்த டர்போ எம் இன்ஜின்களுக்கு பி.எம்.டபிள்யூவே மெல்லிசுக்கு இறங்கிடுச்சு. 0டபிள்யூ-20க்கு வருவோம். 150 டிகிரியில, பேரிங்குக்குள்ள நசுங்கற நிலையில ஆயில் எவ்வளவு தாங்குதுன்னு ஹெச்.டி.ஹெச்.எஸ்னு ஒரு அளவு உண்டு. 20 கிரேடுக்குக் குறைஞ்சபட்சம் 2.6, 5டபிள்யூ-40க்கு 3.5. அந்த 20க்காகவே வடிவமைச்ச இன்ஜினுக்கு அது அமிர்தம். என் கையேடு கேக்கறது விடபிள்யூ 502 00. அதுக்கு 3.5 வேணும். அதுல 20ஐ ஊத்தி லிட்டருக்கு அரை கிலோமீட்டர் மிச்சம் பிடிச்சு நான் என்ன பண்ணப்போறேன்?

டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டில இன்னொரு தொல்லையும் உண்டு. வீட்லேர்ந்து பிராஞ்ச்சுக்கு மூணு கிலோமீட்டர்னு சின்னச் சின்ன ஓட்டமா ஓட்டினா பெட்ரோல் ஆயில்ல கலந்து அதைத் தண்ணியாக்கும். அதனால கொஞ்சம் கையிருப்பு வேணும். அதுக்காக 50 வேண்டாம், 40 போதும், ஆனா சீக்கிரம் மாத்தணும். டப்பாவுல ஏ.பி.ஐ. எஸ்.பி.ன்னு இருக்கான்னும் பாருங்க. 2020ல வந்த தரம். சின்ன டர்போவுல குறைஞ்ச வேகத்துல நேரத்துக்கு முந்தி தீப்பிடிச்சு பிஸ்டனை உடைக்கற வியாதி ஒண்ணு உண்டு. அதைத் தடுக்கற சோதனை இதுல இருக்கு. எவ்வளவு கெட்டி ஆயிலும் அந்த வியாதிக்கு மருந்தில்ல.

எதுக்கு இவ்வளவு கோபம்னு கேக்கறீங்களா? சொல்றேன்.

கோவில்பட்டிப் பக்கத்து நண்பர் ஒருத்தர் இங்க இருக்கார். அவரும் ஒரு சின்ன டர்போ பெட்ரோல் வெச்சிருந்தார், வேற கம்பெனி. நல்ல கராஜ் கேட்டார். எங்க கராஜைக் காட்டிவிட்டது நான்தான். அங்க அவருக்கு 20டபிள்யூ-50 ஊத்தி, "இனி ஆயில் குடிக்காது சார், டிப்ஸ்டிக்கைத் தொடவே வேண்டாம்"னு அனுப்பிச்சிட்டாங்க. மனுஷன் தொடவே இல்ல. 2023 மே மாசம், என்.ஹெச் 44ல, பிள்ளைங்களோட ஊருக்குப் போறப்ப நிர்மல் தாண்டி நீலப் புகை. டர்போ போச்சு. சம்ப்புல ஒரு லிட்டர்தான் மிச்சம் இருந்துச்சாம். கெட்டி ஆயிலாலதான் போச்சுன்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன், ஆயில் குறைஞ்சதே பெரிய காரணமா இருக்கலாம். ஆனா குறைஞ்சதைப் பாக்கவிடாம பண்ணினது அந்தக் கெட்டி ஆயில் மேல வெச்ச நம்பிக்கை.

ஊருக்கு ரயில்ல போயிட்டு வந்தாங்க. ஜூன் மாசம் என் கேபினுக்கு வந்தார். "சார், ஒரு நகைக்கடன் வேணும்"னு கைக்குட்டையைப் பிரிச்சார். வீட்டம்மாவோட நாலு வளையல். அப்ரைசர் உரசிப் பாத்துட்டிருந்தப்ப என்னால அவர் முகத்தைப் பாக்க முடியல. "விடுங்க சார், உங்களுக்குத் தெரியுமா என்ன"ன்னார். தெரியாதுதான். என் வண்டிக்கு மட்டும் கையேடு பாத்து 5டபிள்யூ-40 வாங்கிக் குடுத்து ஊத்தச் சொன்னவன், அவர்கிட்ட அதைச் சொல்லணும்னு எனக்குத் தோணலியே.

அந்த வளையலை 2024 ஆவணியில மீட்டுட்டார். அந்த வருஷம் தீபாவளிக்கு ரெண்டு வண்டியும் சேர்ந்தே கிளம்பினோம். ஆதிலாபாத்துல டீ குடிக்க நிறுத்தினப்ப, வண்டி கொஞ்சம் ஆறட்டும்னு பத்து நிமிஷம் நின்னுட்டு, பானட்டைத் திறந்து டிப்ஸ்டிக்கைத் துணியில துடைச்சு என்கிட்ட நீட்டினார். மேல் கோட்டுக்கு ஒரு நூல் கீழ.